மெஷின் கண்ணில் ஈரத்துண்டு

படத்தில் மடிப்பக்காவாக நடித்த பெண் படுக்கை விரிப்புக் குவியலுக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பாட ஆரம்பித்ததுமே கேன்டீன் முழுக்கச் சிரிப்பு பற்றிக்கொண்டது. அந்த நடை, இடுப்பில் கை வைத்து முறைக்கிற முறைப்பு, எல்லாம் அச்சு அசல் அவளேதான். சலவைக் கம்பெனியின் ஆண்டு விழா. மடிப்பு மெஷினில் நிற்கும் மடிப்பக்காவின் மகள் எடுத்த பாட்டுப் படம் எங்கோ பரிசு வாங்கிவிட்டது என்று காதில் விழுந்ததும் மேனேஜரே திரை கட்டச் சொல்லிவிட்டார். பெற்றவளுக்கு முன்வரிசையில், அவருக்குப் பக்கத்திலேயே நாற்காலி. மகள் படத்தை வீட்டில்கூடக் காட்டவில்லை. "அங்க வந்து பாரும்மா, அசந்துடுவ" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அசந்துதான் போனாள். இரண்டாவது பாட்டில் நான்கு பெண்கள் ஆடிக்கொண்டே வந்து மெஷினின் கண்மேல் ஈரத்துண்டை ஒட்டினார்கள். மெஷின் நின்றது. "கண்ணு போச்சு, காலு வந்துச்சு" என்று பாடியபடி நால்வரும் குவியலில் சாய்ந்து காலை நீட்டினார்கள்.

அவள் ஓரக்கண்ணால் மேனேஜரைப் பார்த்தாள். மடிப்புக் கூடத்தில் நாற்காலி கிடையாது. வேலை முடியும்வரை நின்றே ஆக வேண்டும். துணி வருவதைப் பார்க்க மெஷினில் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் உண்டு. அதை ஈரத்துண்டால் மறைத்தால் துணி சிக்கிவிட்டதாக நினைத்து மெஷின் தானே நின்றுவிடும். பிறகு மெக்கானிக் வந்துதான் ஓட்ட வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. மெக்கானிக்கோ நத்தையண்ணன். கூப்பிட்டதும் கிளம்பிவிடுவார், வந்து சேர மட்டும் மாட்டார். வழியில் செருப்பைச் சரி செய்வார், போகிறவர் வருகிறவரிடம் சௌக்கியம் விசாரிப்பார். அந்த இடைவெளியில்தான் இத்தனை பெண்களின் முழங்காலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. வேண்டுமென்றேதான் மெதுவாக வருகிறாரா என்று யாரும் கேட்டதில்லை, அவரும் துண்டைப் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. இதையெல்லாம் சாப்பாட்டு வேளையில் நடித்துக் காட்டி மகளைப் புரையேறச் சிரிக்க வைத்தவள் இவளேதான். யாரிடமும் சொல்லிவிடாதே என்று ஒரு வார்த்தை சொல்ல அந்தப் பாழாய்ப்போன வாய்க்குத் தோன்றவில்லை.

திரையில் மெக்கானிக் வேடக்காரன் ஓரடி முன்னும் ஈரடி பின்னுமாக ஆடி வந்தான். மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அந்த எடத்த இன்னொரு தடவ போடும்மா."

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ப் போட்டாள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. குதூகலமான பாட்டு மட்டும் தனியாக ஓடியது. பின்வரிசையில் நத்தையண்ணன் டீக்கோப்பையை வாயருகே வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். இந்த வயதில் வெளியே அனுப்பினால் அவரை எவன் சேர்த்துக்கொள்வான்? அவள் எழுந்துவிட்டாள்.

"சார், அது நடந்ததில்ல. வீட்ல புள்ளய சிரிக்க வைக்க நான் அடிச்சுவிட்ட கதை. அந்த அண்ணன் பாவம், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவாரு."

"அப்படியா?" என்றார் மேனேஜர். குரலில் கோபமே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. மகள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

"அய்யோ, எதுக்கும்மா இப்படிக் கூச்சப்படுற?" மகள் பெருமை தாங்காமல் சிரித்தாள். "கதையெல்லாம் இல்ல சார், நிஜம். அம்மாவுக்கு ஒரு நாள் சாப்பாடு கொண்டாந்தப்ப நானே பாத்தேன். போன்ல எடுத்துக்கூட வச்சேன். கடைசில வரும் பாருங்க."

"நிறுத்துடி" என்றாள். மகள் அதற்குள் திரைப் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள்.

பாட்டு முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பெயர்களுக்குப் பின்னால் நிஜக் கூடம், நிஜ மெஷின், அதன் கண்ணில் ஈரத்துண்டு. குவியலில் சாய்ந்து, காலை நீட்டி, தலையைப் பின்னால் சரித்து மடிப்பக்கா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. அது அவ்வளவு பெரிதாக, அவ்வளவு சந்தோஷமாகக் கேன்டீனை நிறைத்தது. திரையில் அவளுக்குப் பின்னால் வெகு தூரத்தில், கருவிப்பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, நத்தையண்ணன் வந்துகொண்டிருந்தார்.