மோட்டார் அறைப் பூட்டு

தையல்காரி பிறக்கும்போதே சந்தேகத்தோடு பிறந்தவள் என்று அவள் கணவன் சொல்வான். பாலைக்கூட மோந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டாள். காட்டுத்தீ மலைச்சரிவில் இறங்கி, தெருவையே காலி செய்யச் சொல்லி போலீஸ் ஜீப் அலறிக்கொண்டிருந்த நேரத்தில், பக்கத்து வீட்டுக் குழாய்க்காரன் அவளிடம்தானா வந்து கேட்க வேண்டும்?

"அக்கா, மோட்டார் ரூம் சாவியக் குடுத்துட்டுப் போங்க. நான் கடைசியா வரேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. கிணற்று மோட்டார் இருக்கும் அந்த கான்கிரீட் அறையில்தான், தீக்குத் தப்பட்டும் என்று தன் இரண்டு தையல் மெஷின்களையும் சற்றுமுன் தூக்கி வைத்திருந்தாள். அவள் பிழைப்பே அவைதான். பாவி, எட்டிப் பார்த்திருக்கிறான்!

"சாவி எங்கயோ தொலைஞ்சு போச்சு தம்பி" என்றாள். சாவி அவள் கைப்பையில் இருந்தது.

ஊருக்குக் கீழே பள்ளிக்கூட ஹாலில் தெருவே வந்து சேர்ந்துவிட்டது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். குழாய்க்காரனை மட்டும் காணோம்.

"எல்லாரும் உசுரக் கையில புடிச்சுக்கிட்டு வந்தாச்சு. அவனுக்கு மட்டும் அங்க என்ன வேலை?"

"எதையாவது கழட்டிக்கிட்டு இருப்பான். அவன் தொழிலே அதுதான" என்று கணவன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டு கேமராவை போனில் திறந்தாள். புகைக்கு நடுவே, முகத்தில் துணி கட்டிய ஒருவன் மோட்டார் அறைப் பூட்டைக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தான். நிற்கும் தோரணையிலேயே குழாய்க்காரன்தான் என்று தெரிந்துவிட்டது. பூட்டு தெறித்தது. அதோடு சிக்னல் போய்ப் படமும் நின்றுபோனது.

வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் ஓடினாள். "சார், எங்க தெருவுல திருடன் புகுந்துட்டான்!" அவர் உடனே வயர்லெஸ்ஸை எடுத்தார். நல்ல வேளை, நாம் சுதாரித்தோம் என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் குழாய்க்காரனை விசாரித்து முடித்து ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். உடம்பெல்லாம் கரி. நேரே அவளிடம்தான் வந்தான்.

"அக்கா, உங்க வீடு தப்பிச்சிருச்சு. பூட்ட உடைச்சுட்டேன், கோச்சுக்காதீங்க. தெருக்குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல, உங்க கிணறு ஒண்ணுதான் கதி. உங்களோடது மரக்கூரை, புடிச்சா நிக்காதுன்னு அத முதல்ல நனைச்சேன். என் வீட்டுப் பக்கம் ஓஸைத் திருப்புறேன், போலீஸ் வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க."

"உன் வீடு?"

"ஜீப் திரும்பறப்பவே புடிச்சிருச்சுக்கா." முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தான். அவன் கண் ஜன்னலோரம் இருந்த எதிர்வீட்டுத் தபால்காரர் மேல் நின்றது. "திருடன்னு எவனோ போட்டுக் குடுத்திருக்கான். அந்தாளாத்தான் இருக்கும். போன மாசச் சண்டைய மனசுல வச்சுக்கிட்டு..." கையை முறுக்கிக்கொண்டு கிளம்பினான்.

அவள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள்.

"அவரு இல்ல தம்பி. நான்தான் சொன்னேன்."

அவன் அவளை ஒரு நிமிடம் பார்த்தான். அந்தக் கரி முகத்தில் சிரிப்பு வந்தது.

"சும்மா இருங்கக்கா. சண்டை வந்துரக் கூடாதுன்னு பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்குறீங்களா? உங்கள எனக்குத் தெரியாதா?"

அவள் சாவி இருந்த கைப்பையை இறுக்கி மூடிக்கொண்டாள்.