கறார் மாமா வீட்டு மீட்டர்

என் தாய்மாமாவுக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் கறார். யாரையும் அண்ட விடமாட்டார். மாமி போன பிறகும் தனியாகத்தான் இருந்தார். ஒரே மகள் வெளிநாட்டில். ஒரு காலத்தில் அவளை எனக்குக் கட்டிவைக்கப் பேச்சு அடிபட்டது, தப்பித்தாள் புண்ணியவதி. ஆனாலும் வாய் நிறைய அத்தான் என்றுதான் கூப்பிடுவாள்.

வீட்டோடு ஓர் ஆளை வைக்க மாமா ஒப்பவில்லை. கேமரா என்ற பேச்சை எடுத்தாலே அடிக்க வருவார். "அப்பா எழுந்து நடமாடுறாரான்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் அத்தான். அது தெரியாம எனக்கு இங்க ஒரு வேலையும் ஓட மாட்டேங்குது" என்று அவள் போனில் அழுதாள். தண்ணீர் மீட்டரோடு வருஷக்கணக்கில் மாரடிக்கிறவன் நான். எனக்கு வேறென்ன தோன்றும்? மீட்டரில் சென்சார் மாட்டிவிடலாம் என்றேன்.

சுலபமான வேலைதான். பழைய மீட்டரைக் கழற்ற வேண்டியதில்லை. அதன் முகத்தில் சுற்றுகிற சின்ன முள்ளில் ஒரு காந்தம் இருக்கும். அதற்கு நேர் மேலே சென்சாரைக் கிளிப் போட்டு மாட்டினால், ஒவ்வொரு லிட்டருக்கும் முள் ஒரு சுற்று வரும்போது ஒரு துடிப்பு போகும். தண்ணீர் ஓடினால் எங்கள் இருவர் போனிலும் பச்சை. பகலில் சில மணி நேரம் சேர்ந்தாற்போல் ஒன்றுமே ஓடாவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் நான் போட்டது போட்டபடி ஓட வேண்டும்.

"ஆனா இதை அப்பாகிட்ட இப்படியே சொல்லிடாதீங்க. உயிரோட இருக்கீங்களான்னு பாக்கத்தான் மாட்டுறோம்னு எப்படிச் சொல்றது" என்றாள். எனக்கும் நாக்குக் கூசியது.

வாசல் கேட் பக்கத்து மீட்டர் குழியில் குனிந்து, கரப்பான்களை விரட்டிவிட்டு, மீட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமா பின்னால் வந்து நின்றார்.

"என்ன மாப்ளே, மீட்டருக்கு வாட்ச் கட்டிவிடுறியா?"

"ஆமா மாமா. நீங்க குழாயைத் திறந்தா உங்க பொண்ணுக்கு அங்க தெரியும்."

"தெரிஞ்சு?"

"உங்களை நெனச்சுக்குவா."

"ரீல் விடாத" என்று உள்ளே போனார். குளியலறைக் குழாயைத் திறந்திருக்க வேண்டும், முள் சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் சென்சார் விளக்கு சரியாகக் கண் சிமிட்டியது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் போன் அடித்தது. வெளியே வந்த மாமாவின் முகத்தில் என் ஆயுசில் பார்க்காத ஒரு சிரிப்பு.

"திறந்தேன், கூப்பிட்டுட்டாடா" என்றார்.

அதோடு நிறுத்திக்கொண்டேன். ஓடாவிட்டால்தான் நாங்கள் பதறுவோம் என்பதை நான் சொல்லவில்லை.

மாதக்கணக்கில் பச்சை ஒழுங்காக வந்தது. அவளும் அழுவதை விட்டாள். ஒரு நாள் பகலில் அவளிடமிருந்து செய்தி வந்தது. "அப்பா இன்னைக்குத் தண்ணியிலயே விளையாடுறார் அத்தான். விடாம பச்சை வருது. போர்வையெல்லாம் தொவைக்கிறார் போல."

நானும் பார்த்தேன். கொஞ்சம் ஓடும், நிற்கும். மறுபடி கொஞ்சம் ஓடும், நிற்கும். துணி துவைக்கிறவர்கள் இப்படித் திறக்க மாட்டார்கள். ஃப்ளஷ் டேங்க் மிதவை கெட்டால்தான் இப்படி வரும், எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். "மிதவை போயிருக்கும். நாளைக்கு மாத்திடறேன். இதுக்கெல்லாம் போன் போட்டு அவரை நச்சரிக்காத" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். அவளும் விட்டுவிட்டாள். இரவு முழுக்கப் பச்சை வந்துகொண்டேதான் இருந்தது.

மறுநாள் காலையில் புது மிதவையோடு போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டும் பதில் இல்லை. எதிர்வீட்டுத் தச்சர் உளியோடு வந்து தாழ்ப்பாளை நெம்பினார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஓடிப்போய் மீட்டர் மூடியைத் தூக்கினேன். முள் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி சுற்றி நின்றது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"உசுரோடதான் இருக்கார், குழாயைத் திறக்கிறார், சீக்கிரம் ஒடைங்க" என்றேன்.

மாமா குளியலறையில் ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு கை மட்டும் எட்டித் தாழ்வான குழாயைப் பிடித்திருந்தது. குழாய் இறுக மூடியிருந்தது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை, விறைத்துப் போயிருந்தன. தரை காய்ந்து கிடந்தது. ஃப்ளஷ் டேங்கைத் திறந்து பார்த்தேன். மிதவைக்கு ஒரு கேடும் இல்லை.

"நேத்துக் காலையில விழுந்திருப்பார், இடுப்பு ஒடஞ்சிருக்கு. நெனவு ரொம்ப நேரம் இருந்திருக்கும். உயிர் போனது சாயங்காலம்" என்றார் வந்து பார்த்த டாக்டர்.

"இப்பத்தான் சார் குழாயைத் திறந்தார். முள்ளு சுத்துச்சு, நான் பார்த்தேன்."

அவர் தச்சரைப் பார்த்தார். தச்சர் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்து உட்காரவைத்தார்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. குழாயைத் திறந்தால் மகள் கூப்பிடுவாள் என்று மாமா நம்பியிருக்கிறார். பகலெல்லாம் திறந்து மூடி, திறந்து மூடி, அவளைக் கூப்பிட்டிருக்கிறார். குழாயைத் தொடாமல் சும்மா கிடந்திருந்தால் மத்தியானமே சிவப்பு வந்திருக்கும், நான் ஓடி வந்திருப்பேன். உதவி கேட்கக் கேட்க நாங்கள் நிம்மதியாக இருந்திருக்கிறோம்.

"ஒரு நொடியில போயிட்டார், வலியே தெரிஞ்சிருக்காது" என்று அவளிடம் சொன்னேன். வந்தாள், அழுதாள், வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். "அந்த சென்சாரை எடுத்துடாதீங்க அத்தான், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். நான் மீட்டருக்கு முன்னால் இருக்கும் வால்வை மூடினேன்.

அவள் ஊர் போய்ச் சேர்ந்த மறுநாளே பச்சை வந்தது. சென்சார் பழுதென்று புதிதாக ஒன்றை மாட்டினேன். வந்தது. குழாயையே அறுத்து இரண்டு முனையையும் அடைத்தேன். அப்போதும் வந்தது. கொஞ்சம் ஓடும், நிற்கும். அவளுக்கோ சந்தோஷம் பிடிபடவில்லை. "அப்பா வீட்லதான் இருக்கார் அத்தான். அதைப் பாத்துட்டுத்தான் நான் தெனமும் வேலைக்கே கெளம்பறேன்" என்கிறாள்.

நேற்று அந்தச் சனியனைக் கழற்றி எறிந்துவிடுவது என்றே போனேன். மூடியைத் தூக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத மீட்டரில் முள் சுற்றி நின்றது, சுற்றி நின்றது. கிளிப்பில் விரலை வைத்தபோது அவள் செய்தி வந்தது.

"இன்னைக்கு ரொம்ப நேரமா வருது அத்தான். அப்பா அங்க நிம்மதியா இருக்கார் போல."

கையை எடுத்துவிட்டேன். அவர் இன்னும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வேன்?