கீழ்க்குரல்காரி

"நீதான் பாடணும்" என்று எழுதி, பலகையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள் அண்ணி.

"எதை?"

"எல்லாத்தையும்" என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். இரண்டு கோடு என்றால் கத்துகிறாள் என்று அர்த்தம்.

அண்ணிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள். குரல் நாணில் ஒரு கட்டி, மிளகளவுதான். ஆறு வாரத்துக்குப் பேசவே கூடாது, கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அதுக்கப்புறம் பாடலாங்களா?" என்று அண்ணன் கேட்டான். "பேசலாம்" என்றார் டாக்டர். பாடுவதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. அண்ணி அதைக் கவனித்தாள், நானும் கவனித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அண்ணிக்கு அனுமதி இல்லை, எங்களுக்குத் தெம்பு இல்லை.

அந்தப் பலகை, ஃப்ரிட்ஜில் மாட்டி பால் கணக்கு எழுதுவதற்காக வாங்கியது. இப்போது அண்ணி அதைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். வாய் மூடியதால் வீடு ஆறு வாரத்துக்கு அமைதியாக இருக்கும் என்று அண்ணன் நம்பியிருந்தான், பாவம். அவளுக்குக் கை இருப்பதை மறந்துவிட்டான்.

"இந்த வருஷம் விட்டுடலாம் அண்ணி. யார் கேக்கப் போறா? போன வருஷம் வந்தவங்கள்ல பாதிப் பேர் தூங்கினாங்க."

"பாட்டு நல்லா இருந்துச்சு. அதான் தூங்கினாங்க" என்று எழுதினாள்.

"அண்ணே, நீயாவது சொல்லேன்."

கிடாருக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "எனக்குக் காது ரெண்டு, ரெண்டு பக்கமும் கேட்டுக்கறேன். வாய் ஒண்ணுதான். அதைப் பத்திரமா வெச்சிருக்கேன்" என்றான். நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் பதறாமல் இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

நூலகத்து அரங்கில் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கச்சேரி. அறுபத்தேழு, அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, இந்த மூன்று வருடத்துப் பாட்டுகள் மட்டும்தான். சட்டம் போட்டது அண்ணி. ஒருமுறை அண்ணன் எழுபதில் வந்த பாட்டு ஒன்றை நுழைக்கப் பார்த்தான். "ஜனவரியிலயே வந்துடுச்சு" என்றான். "ஜனவரின்னா எழுபதுதானே?" என்று அப்போதே தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் கட்டிக்கு விதை அன்றைக்கு விழுந்ததோ என்னவோ.

அவளுக்கு அந்தப் பாட்டுகள் வந்து சேர்ந்த கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். பதினைந்து வயது. எதிர்மாடியில் ஒருவன் ரேடியோவை ஜன்னலில் வைத்துத் தெருவுக்கே கேட்கும்படி திருகிவிடுவானாம். கிடார் இரும்பை அறுக்கிற மாதிரி வரும். முதலில் காதைப் பொத்திக்கொண்டாளாம். பிறகு, அதே கிடார் ஒரு நாள் மரப்பெட்டியாக, ஈரமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி வந்ததாம். இரண்டு பேர் ஒரே மைக்கில் நெற்றி முட்ட நின்று, போருக்குப் போனவனைப் பற்றியோ ஊரை விட்டு நடந்தவளைப் பற்றியோ பாடுவார்கள். "யாரும் யாரையும் மயக்கப் பாக்கல. நடந்ததைச் சொன்னாங்க, அவ்வளவுதான். அழுகை தானா வந்துச்சு" என்பாள். ஆங்கிலம் அவளுக்கு அரைகுறை. கேட்டதைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். அந்த நோட்டை நம்பி, 'திரும்பி வா' என்று பாட வேண்டிய இடத்தில் எட்டு வருடம் நாங்கள் 'பையோடு வா' என்று பாடினோம். 'பேக்' என்று எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துத்தானே? ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கேட்டவர்களும் பையோடுதான் வந்திருப்பார்கள் போல.

அவள் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது எனக்கு இருபது வயது. வந்த மூன்றாம் நாளே, பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒரு பாட்டைப் பாடி, "இதுக்குக் கீழே நீ போ" என்றாள். போனேன். நாற்பத்தாறு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். ஒரே வரிதான். அவள் மேலே பாடுவாள், நான் மூன்று படி கீழே பாடுவேன். அவள் பாடுவது பாட்டு. நான் பாடுவது அதற்கு உள்பாவாடை. இல்லாவிட்டால் ஊருக்கே தெரியும், இருந்தால் ஒருவருக்கும் தெரியாது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பலகையில் "நீதான் பாடணும்" என்று பார்த்ததும், அலுப்புக்கு அடியில் எனக்குள் ஏதோ துள்ளியது. என் குரல் அவளுடையதைவிட மோசமில்லை என்று நாற்பத்தாறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மேல்குரலை ஒரே ஒரு நாள் என்னிடம் கொடுத்துப் பாருங்கள் என்று நினைக்காத வருடம் இல்லை.

மறுநாள் லேபில் பழக ஆரம்பித்தேன். நான் வேலை பார்ப்பது பல் செட் செய்கிற லேப். டாக்டர்கள் அனுப்புகிற ஈறு அச்சின் மேல் மெழுகு வைத்து, பற்களை ஒவ்வொன்றாகப் பதிப்பேன். முன்பல் ஆறும் நேராக வரும்வரை கை அசையக் கூடாது. அதற்கு முனகல் ஒத்தாசை.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்றாள் பக்கத்து மேசையில் பீங்கான் பல்லுக்கு வண்ணம் தீட்டுகிறவள்.

"ஏன்?"

"முனகுறீங்க."

"பாடறேன்டி. ஆத்துப் பாட்டு. உனக்குத் தெரிஞ்சதுதான். போன வருஷம் வந்து கேட்டியே."

"அதுவா இது? அது நல்லா இருந்துச்சே!"

கையை நிறுத்தி, நான் பாடிக்கொண்டிருந்ததை நானே கேட்டுப் பார்த்தேன். கீழ்க்குரல். மறுபடி தொடங்கினேன். முதல் வரி மேலே நின்றது. இரண்டாவது வரியின் நடுவில் என்னைக் கேட்காமலே தொண்டை படியிறங்கிவிட்டது.

சனிக்கிழமை ஒத்திகையிலும் அதே கதை. ஆற்றுப் பாட்டு என்பது நாங்கள் வைத்த பேர். அக்கரைக்குப் போனவனிடம் ஒருத்தி இக்கரையில் நின்று பேசுகிற பாட்டு. அண்ணி கரண்டியும் டம்ளருமாக எதிரே உட்கார்ந்தாள். நான் வழுக்கும்போதெல்லாம் டங் என்று அடிப்பாள், நான் நிறுத்துவேன். ஒரு மணி நேரத்தில் இரண்டாவது வரியைத் தாண்டவில்லை.

"நான் கிடார்ல மேல்குரலை வாசிக்கறேன், நீ கூடவே வா" என்றான் அண்ணன்.

அது இன்னும் மோசம். மேலே ஆள் வந்தாச்சு என்று தொண்டை தானே நகர்ந்து இடம் விட்டது.

அண்ணி பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்து, மேல்படியில் ஒரு பொம்மையை நிறுத்தி, "இது நீ" என்று எழுதினாள்.

"படம் புரியுது அண்ணி. முட்டிதான் மடங்க மாட்டேங்குது."

"நாப்பத்தாறு வருஷம் பக்கத்துல நின்னே. பாட்டே தெரியாதா?"

"பக்கத்துல எங்க நின்னேன்? கீழல்ல நின்னேன்."

அவள் படிக்கட்டைத் துடைத்தாள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்று காலையிலிருந்து நின்ற கால். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் சந்தோஷப்பட முடியவில்லை. ஒரு நாள் கிடைத்தால் போதும் என்று நினைத்த ஒருத்திக்கு மூன்று வாரம் கிடைத்திருக்கிறது. திருடு போகாமல் பூட்டி வைத்த பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

மூன்றாவது வாரம் அந்த ஞாயிறு வந்தது. கச்சேரி மதியம் மூன்று மணிக்கு. அந்தக் காலத்தில் இந்தப் பாட்டெல்லாம் விடிய விடிய நடந்து, சேற்றில் படுத்துக் கேட்டார்களாம். எங்கள் கூட்டத்துக்கு ஏழு மணி மாத்திரை இருக்கிறது. நூலகச் செயலாளர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வருடம் ஒரு சிறு மாற்றம்" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினார். மாற்றம் என்னவென்று மட்டும் சொல்லவில்லை.

முதல் பாதி பாட்டில்லாத வெறும் வாத்தியச் சத்தம். அண்ணன் மின்சாரக் கிடாரை மாட்டிக்கொண்டு நின்றான். மருந்துக்கடைக்காரர் டிரம்ஸ் வாசித்தார். எழுபத்தைந்து வயதில் அண்ணனுக்கு விரல் முட்டியெல்லாம் வீக்கம். ஆனாலும் அந்தக் கிடார் ஒரு இடத்தில் அழுதுகொண்டே சண்டைக்கு வருமே, அந்த இடத்தை அவன் விட்டுக்கொடுக்கவில்லை. அறுபது பேர் தரையைக் காலால் தட்டினார்கள். முன்வரிசையில் அண்ணி மடியில் பலகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தாள். இதற்காகத்தானே வருடா வருடம் இந்தப் பாடு படுகிறோம் என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது.

பிறகு மரக் கிடார். இரண்டு பேருக்கு வைத்த மைக்கில் நான் தனியாக நின்றேன். பழக்கத்தில் இடது பக்கமாக ஒதுங்கியே நின்றிருக்கிறேன். "நடுவுல வாங்கம்மா" என்று செயலாளர் சொல்ல வேண்டியிருந்தது.

ஆற்றுப் பாட்டின் முதல் வரியை மேலே பாடினேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டாவது வரியின் நடுப்பகுதி வந்தது. வருவது தெரிந்தது. பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தேன். பிடி நழுவியது.

இங்கே கரண்டியும் இல்லை, டம்ளரும் இல்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லை. எனக்கு ஏறித் தொங்கச் சக்தியும் இல்லை. சரி என்று இறங்கி, இறங்கின இடத்திலேயே நடந்தேன். மேலே யாரும் இல்லாத கீழ்க்குரல். அண்ணன் ஒரு கணம் தடுமாறி, கிடாரை மெதுவாக்கினான். நான்கு சரணமும் பாடி முடித்தேன்.

ஒருவரும் கை தட்டவில்லை. கீழ்க்குரல் வீடு வந்து சேர்வதில்லை. வாசலிலேயே நின்றுவிடும். முடிந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் கும்பிட்ட பிறகு தட்டினார்கள்.

"நல்லா இருந்துச்சுங்க. புதுப் பாட்டா?" என்று கேட்டார் படியோரம் நின்ற ஒருவர்.

"அறுபத்தெட்டு" என்றேன்.

நாற்காலிகள் அடுக்கிவைக்கிற அறைதான் எங்களுக்கு ஒப்பனை அறை. உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். அண்ணி வந்து எதிரே நின்றாள். திட்டு வரும் என்று பலகையைப் பார்த்தேன்.

"இத்தனை வருஷம் இதையா பாடினே?"

"இதைத்தான்."

"எனக்குக் கேட்டதே இல்ல."

"நீங்க பாடிட்டிருந்தீங்க அண்ணி."

துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். "நல்லா இருக்கு. சோகமா இருக்கு." துடைத்தாள். கொஞ்சம் யோசித்து, "கடைசிக்கு முந்தின வரியில ஏன் வழுக்கி விழுந்தே? அது தப்பு" என்று எழுதி ஒரு கோடு போட்டாள்.

எனக்குக் கால் வலி, தொண்டை வலி. மூன்று வாரமாக வழுக்கி வழுக்கி மனசும் வலி. வேறு நாளாக இருந்தால் ஆமாம், தப்புதான் என்று சொல்லியிருப்பேன்.

"அது தப்பு இல்ல. அங்க நீங்க சுருதி எறங்குவீங்க. தெரியாம இருக்கட்டும்னு நானும் கூடவே எறங்குவேன்."

அண்ணி அவசரமாகத் துடைத்து எழுதினாள். "எப்பலேந்து?"

"பாத்திரம் தேச்சோமே, அன்னிலேந்து."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்து, "அந்த வரியில மட்டும் கிடாரைப் பலமா அடிப்பேனே. எதுக்குன்னு நெனச்சே?" என்றான்.

"ரெண்டும் களவாணிங்க" என்று எழுதினாள். "சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கூடாது என்பதால் தோள் மட்டும் குலுங்கியது. ஒரு கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். சிரித்து முடித்தபோது கண் ஓரம் ஈரமாக இருந்தது. அதை அழிப்பானாலேயே துடைக்கப் போய்க் கன்னத்தில் மை ஈஷிக்கொண்டது. நானும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாக எழுதினாள். எழுதியதைத் தானே ஒருமுறை படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"இனிமே நீ எறங்காதே. நான் ஏறிக்கறேன்."

"மொதல்ல டாக்டர் வாயைத் தொறக்கச் சொல்லட்டும்" என்றேன்.