செஞ்சேற்றில் வடிந்த தண்ணீர்

காலை ஆறு மணிக்குப் பம்பு ஹவுஸின் இரும்புக் கதவைத் திறந்ததும், அவள் இரண்டாம் நம்பர் பம்பின் மேல் கை வைத்துப் பார்ப்பாள். "என்ன, இன்னிக்கும் இருமல்தானா?" என்று கேட்பாள். அன்றைக்கு அவள் பேசும் முதல் பேச்சு அது. பல நாள் அதுவே கடைசிப் பேச்சாகவும் இருக்கும்.

சுரங்கத்தை மூடிப் பதினோரு வருடமாகிவிட்டது. ஆனால் அடியில் ஊறும் தண்ணீர் நிற்கவில்லை. அதை மேலே இறைத்து, சுண்ணாம்பு கலந்து, தொட்டிகளில் தேக்குவாள். அதிலிருக்கும் இரும்பு துருவாகிச் செஞ்சேறாகப் படியும். தெளிந்த தண்ணீர் ஆற்றுக்குப் போகும். காய்ந்த சேறு ஒரு மேடாக வளர்ந்துகொண்டிருந்தது. முந்நூறு பேர் வேலை பார்த்த இடத்தில் மிச்சம் அந்த மேடும் அவளும்தான். ஊரில் அவளுக்குப் பெயர் பம்பு அக்கா.

அந்தப் பெயரையும் முகத்துக்கு நேரே யாரும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆறு வருடத்துக்கு முன், ஒரு பெருமழையில் சேற்றுத் தொட்டியின் கரை உடைந்து, கீழ்த்தெரு வீடுகளுக்குள் முழங்கால் அளவு சேறு புகுந்தது. கரையில் விரிசல் இருப்பதாக நிர்வாகத்துக்கு அவள் மூன்று முறை எழுதிக் கொடுத்தது ஊருக்குத் தெரியாது. அன்று பணியில் இருந்தது அவள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். தூங்கிவிட்டாள் என்றார்கள். கீழ்த்தெருவில் குடியிருந்த அவளுடைய அண்ணனும் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். புருஷனும் இறந்துபோய், பிள்ளையும் இல்லாத அவளுக்குப் போன் வந்தால், அது ரீசார்ஜ் செய்யச் சொல்லும் கம்பெனிக் குரல்தான்.

ஒருநாள் கடையில் அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் உள்ளங்கை தடித்து, கரும்புள்ளி விழுந்திருந்தது. அண்ணி சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மாதம் ஒருமுறை ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்க வரும் பரிசோதகரிடம் அதைச் சொன்னாள்.

"கீழ்த்தெரு போர் தண்ணியில ஆர்சனிக் இருக்குதுக்கா. மெதுவா ஏறுற விஷம். இரும்புத் துரு அதைப் பிடிச்சு வெச்சுக்கும். ஆனா அந்த மாதிரி வடிகட்டி அவங்களுக்கு யாரு வாங்கிக் குடுப்பா?"

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். "தம்பி, ஒரு மலையளவு துரு இங்க சும்மா கிடக்குதே."

பரிசோதகர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேட்டைப் பார்த்தார்.

இருவரும் காய்ந்த சேற்றை இடித்து, அரிசி நொய் அளவுக்குச் சலித்து, மணல் அடுக்குகளுக்கு நடுவே டிரம்மில் போட்டு, கீழ்த்தெரு போர் தண்ணீரை அதில் ஊற்றினார்கள். வடிந்த தண்ணீர் நான்கு மாதம் ஆய்வகத்துக்குப் போனது. ஆர்சனிக் ஏறக்குறைய இல்லை. சேற்றிலிருந்து வேறு எந்த நஞ்சும் இறங்கவில்லை.

அந்த அறிக்கையோடு அவள் கீழ்த்தெருவின் தண்ணீர்க் குழுக் கூட்டத்துக்குப் போனாள். தலைவர் அவளுடைய அண்ணன்தான். காகிதத்தைத் தொடக்கூட இல்லை.

"ஒரு தடவ வீட்டுக்குள்ள வந்த சேறு போதும். இப்ப எங்க வாய்க்குள்ளயும் வரணுமா?"

கூட்டம் சிரித்தது. போன வழியே அவள் தனியாகத் திரும்பினாள். அன்று பம்போடும் பேசவில்லை.

மறுவாரம் மதியம் கதவு தட்டும் சத்தம். கேனோடு அண்ணி நின்றாள்.

"உங்க அண்ணனுக்குத் தெரியாது. நீ இந்த டிரம் தண்ணியக் குடிக்கிறியா?"

"ரிப்போர்ட் வந்த நாள்ல இருந்து குடிக்கிறேன் அண்ணி."

"அப்ப எனக்கும் ஊத்து."

நாள் விட்டு நாள் அண்ணி வந்தாள். கேன் நிரம்ப அரை மணி நேரமாகும். வேகமாக வடியும்படி குழாயை மாற்றலாம் என்று பரிசோதகர் சொன்னபோது, "வேண்டாம் தம்பி, இப்படியே இருக்கட்டும்" என்றாள். அண்ணியோடு பேசக் கிடைக்கும் அந்த அரை மணி நேரம் அவளுக்கு வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் நடந்த பரிசோதனையில், அண்ணியின் உடம்பில் விஷத்தின் அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. உடன் வந்த அண்ணனுக்கோ ஏறியிருந்தது. "ஒரே வீட்டுல எப்படிம்மா?" என்று டாக்டர் கேட்க, அண்ணி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலமே அண்ணன் பம்பு ஹவுஸுக்கு வந்தார். உட்கார இருந்த ஒரே நாற்காலியை அவரிடம் தள்ளிவிட்டு அவள் நின்றாள். அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கரை... நீ தூங்கிட்டேன்னு சொன்னாங்க."

"விரிசல் விட்டிருக்குன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தேண்ணா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

அவள் டிரம்மில் வடிந்த தண்ணீரை ஒரு டம்ளர் மொண்டு நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

அடுத்த கூட்டத்தில் தெருவுக்குப் பெரிய வடிகட்டி வைக்க முடிவானது. விஷம் ஏறி, இனி வடிகட்ட உதவாத மண்ணை மூடிய பீப்பாயில் அடைத்துப் பத்திரமாக அப்புறப்படுத்தும் பொறுப்பு அவளுடையது. பின்வரிசையில் யாரோ, "சேத்துத் தண்ணியத்தான் குடிக்கணும்னு நம்ம தலையில எழுதியிருக்கு போல" என்று முணுமுணுத்தார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து நின்றார்.

"சேத்த மட்டுமா தள்ளி வெச்சோம்? அதோட என் தங்கச்சியையும் சேத்துத் தள்ளி வெச்சோம். போன ஆறு வருஷத்த அவளுக்கு என்னால திருப்பித் தர முடியாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். மண்ணோ மனுஷனோ, கழிவுன்னு ஒதுக்குறதுக்கு முன்னாடி பக்கத்துல போய் ஒரு வார்த்த கேளுங்க. நான் கேக்கல. அதனாலதான் மருந்து தெருக்கோடியில இருந்தும் நான் விஷத்தக் குடிச்சேன்."