மூன்றாவது துவக்கு

லுஹர் தொழுகை முடிந்து நாங்கள் உட்கார்ந்தபோது முன்னறையில் நான்கு பேர் இருந்தோம். ஐந்தாவது ஆள் திரைக்கு அந்தப் பக்கம். மச்சான் பக்கீர் முகைதீன் ஜன்னலோரம், பிளாஸ்டிக் கதிரையில். அவருடைய மனைவி, என் தங்கை நாச்சியா, அடுப்படி வாசலில். சம்மாந்துறை முர்ஷித் கதவடி வாங்குப் பலகையின் நுனியில். நான் சாப்பாட்டு மேசையில், கடதாசியோடு. திரைக்குப் பின்னால் பாயில் மச்சானின் மகள் ஜெனூபா. அவளுடைய சீதன வீடுதான் அது. அவள் இத்தாவில், விதவைக்குரிய காத்திருப்பில், இருந்தாள். புருஷன் ஹிஷாம் இறந்து ஐம்பத்திரண்டு நாள். நான் தாய்மாமன், என் முன்னால் அவள் வரலாம். முர்ஷித் அந்நியன் என்பதால்தான் திரை.

மேசையில் துப்பாக்கி அனுமதி கொடுக்கும் அரச கந்தோரின் கடிதம் கிடந்தது. ஆறு வருடத்துக்குள் மூன்று துவக்குகளைத் தன் பெயருக்கு மாற்றும்படி பக்கீர் முகைதீன் கேட்டிருக்கிறார். முதல் இரண்டும் சில மாதங்களிலேயே வேறு ஆட்களுக்குப் போய்விட்டன. வியாபாரிக்குரிய அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவர் துவக்கு வியாபாரம் செய்வதாக ஏன் கருதக்கூடாது என்பதைப் பதினான்கு நாளுக்குள் எழுத்தில் விளக்க வேண்டும். இல்லாவிட்டால் விடயம் பொலிசுக்குப் போகும். அன்று பன்னிரண்டாம் நாள்.

"இந்த வாய்தான் எல்லாத்துக்கும் காரணம்," என்று நாச்சியா முர்ஷித்தைப் பார்த்துச் சொன்னாள்.

முர்ஷித் வயற்காரன். யானைக்குப் பயந்து துவக்கு ஒன்று தேடியவன். கந்தோரில் கவுண்டரடியில் நின்று, 'பக்கீர் காக்காட்டச் சொன்னா துவக்கு எடுத்துத் தருவார்' என்று பலர் கேட்கச் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகுதான் பழைய கோவைகளைப் புரட்டியிருக்கிறார்கள்.

"நான் காக்காவப் புகழ்ந்துதான் சொன்ன, மதினி."

"புகழ்ந்து புகழ்ந்து மனிசன மறியற்சாலைக்க வெச்சிட்டுத்தான் ஓய்வாய் போல."

நான் கந்தோருக்குப் போய் விசாரித்திருந்தேன். தன்னுடைய துவக்கை ஒருவர் அனுமதி எடுத்து இன்னொருவருக்கு விற்கலாம், அதையே தொழிலாகச் செய்ய முடியாது என்றார் எழுதுவினைஞர். எத்தனை துவக்கு விற்றால் தொழில் என்று கேட்டேன். "எண்ணிக்கையச் சொல்லி ஒண்டும் இல்ல. பழக்கமாச் செய்றாரா, கைக்கு ஏதும் வருதா எண்டுதான் பாப்பாங்க," என்றார்.

அதனால் மச்சானிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"முதலாவது?"

"நம்மட ஊர் முஸ்பிறாட புருஷன்ட துவக்கு. அவர் மவுத்தாகி அவ இத்தால இருந்தா. நாலு மாசம் பத்து நாள் வெளிய இறங்கேலா. கந்தோருக்கும் பொலிசுக்கும் ஆர் அலையிற? என்ட பேருக்கு எடுத்தன். மறுகா வீரமுனை ஆளொருத்தருக்குப் போச்சு. காசு நேர முஸ்பிறாட கைக்கு."

"ரெண்டாவது?"

"சிபானாட வீட்டுத் துவக்கு. அதும் அப்பிடித்தான்."

"வாங்கின ஆளை நீங்க தேடினீங்களா, அவர் வந்தாரா?"

"அவர்தான் வந்த. உங்கள்ட்டக் கேட்டாக் கிடைக்கும் எண்டாங்க எண்டு."

நான் அதை எழுதவில்லை; அது பழக்கம் என்றே காட்டும். பேனையை மூடி வைத்தேன்.

"உங்கட கைக்கு ஏதும் வந்ததா, மச்சான்?"

"அஞ்சு சதம் வரல்ல."

"வாப்பா," என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து ஜெனூபா. "முஸ்பிறா மாமி ஒவ்வொரு பெரும்போக அறுவடைக்கும் அரிசி அனுப்பிற. ஒரு மூடை."

மச்சான் திரைப் பக்கம் திரும்பினார்.

"அது கூலியா?" என்றார் மச்சான். "மனிசி அன்புக்கு அனுப்பிற. இத எழுதினா அவளக் கேவலப்படுத்தின மாதிரி."

"எழுதாம விட்டு, நாளைக்கு அவவக் கூப்பிட்டுக் கேட்டா?" என்றேன்.

"ஓம் எண்டுதான் சொல்லுவா. பொய் சொல்லமாட்டா."

"அப்ப நாமளும் எழுதத்தான் வேணும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அரிசி மூடையை எழுதினேன்.

மூன்றாவது துவக்கு ஹிஷாமுடையது. இறந்த அன்று விடியற்காலை தண்ணீர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வயல்வட்டைக்குப் போனவரை வரம்பிலேயே யானை அடித்துவிட்டது. துவக்கு வீட்டில், அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஏழாம் நாள் கத்தம் ஓதுவதற்கு முன்னரே அதை எடுத்துக்கொண்டு போகும்படி ஜெனூபா தகப்பனிடம் சொன்னாள். அவர் பொலிசில் ஒப்படைத்தார். பிறகு, வழக்கம்போல, தன் பெயருக்கு மாற்றக் கேட்டார். மாறியதும் தருவதாக முர்ஷித்துக்கு வாக்கும் கொடுத்தார்.

"மூணாவதும் உங்கட பேருக்கு வந்து இவருக்குப் போனா, தொழில் எண்டுதான் எடுப்பாங்க," என்றேன். "இந்த விண்ணப்பம் நிண்டா, முந்தின ரெண்டையும் உதவி எண்டு சொல்லிப் பாக்கலாம்."

"எனக்கு வேணாம், காக்கா," என்றான் முர்ஷித் உடனே. "நான் வேற இடத்தில பாக்கிறன்."

"நீ விட்டாப் போதாது. அது ஆருட பேருக்காவது போகணும். இல்லாட்டி மச்சான்ட விண்ணப்பம் அப்பிடியேதான் கிடக்கும். மச்சான் விலகினா, உரித்தாளிதான் கேக்கலாம்." உரித்தாளி, அதாவது வாரிசு, யார் என்று நான் சொல்லவில்லை.

மச்சான் எழுந்தார். "அவள்ட்ட இதக் கேக்க வேணாம். கேஸ் வந்தா வரட்டும். நான் உள்ளுக்கிருந்துட்டு வாறன்."

"சுகர் குளிசையும் கையோட கொண்டு போங்க," என்றாள் நாச்சியா.

"மாமா," என்றாள் ஜெனூபா. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "என்ட பேருக்கு எழுதுங்க."

"மகள், அது திரும்பி இந்த வீட்டுக்குத்தான் வரும்," என்றேன்.

"தெரியும். வயல் நாலு ஏக்கர் இரிக்கு எண்டும் எழுதுங்க. அந்த ஆணி இன்னும் கழட்டல்ல."

மச்சான் மறுபடியும் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, நான் எழுதி முடிக்கும்வரை அப்படியே இருந்தார்.

விளக்கக் கடிதத்தைப் பந்தி இலக்கமிட்டு ஒன்பது பந்திகளாக எழுதினேன். ஆறாவது பந்தியில் அரிசி மூடை. எட்டாவதில், மூன்றாம் துவக்குக்கான விண்ணப்பத்தை அவர் வாபஸ் வாங்குகிறார் என்பது. ஜெனூபாவின் விண்ணப்பம் தனித்தாளில். வாசித்துக் காட்டினேன். மச்சான் கையெழுத்து வைத்தார். மற்றத் தாளைப் பேனையோடு திரைக்கடியால் தள்ளினேன். அது திரும்பி வர நேரமெடுத்தது. கையெழுத்து நேராக, பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப் போல இருந்தது. கீழே, பெயருக்குப் பக்கத்தில், 'விதவை' என்று அவளாகவே சேர்த்திருந்தாள். நான் கேட்டிருக்கவில்லை.

முர்ஷித் தன் மோட்டார் சைக்கிளில் என்னைத் தபால் கந்தோருக்கு ஏற்றிப்போனான். மூடுவதற்கு இருபது நிமிடம் இருந்தது. இரண்டு தாள்களையும் ஒரே உறையில் வைத்து, பசை பூசி, காயும்வரை பெருவிரலால் அழுத்திக்கொண்டு நின்றேன்.

"பதிவுத்தபாலா?" என்று கேட்டார் உள்ளே இருந்தவர்.

"ஓம்."

அவர் உறையை நிறுத்து, முத்திரை ஒட்டி, தேதியைக் குத்தி, பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.