ரோதமுனியும் கனடிய விமானமும்

லொறி பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவின் கடைசி வளைவில் திரும்பும்போது தர்மிளா கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள். பாதையின் குற்றமில்லை. அந்தப் பாதையில் அவள் பலமுறை வந்திருக்கிறாள். கைப்பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்த ஒரு தாள்தான் வேலையைக் காட்டியது.

முன்னால் போன காரில் கழகத் தலைவர் இரகுநாதன் இருந்தார். ஓய்வுபெற்ற மேலதிகச் செயலாளர். பல் பிடுங்கப் போன இடத்திலும், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பதவியைச் சொல்லிவிடுகிறவர். பதுளையில் ஊவா வரலாற்று மரபுக் கழகத்தை அவர்தான் நிறுவினார். தலைவரையும் அவரே தெரிவு செய்தார். அதன் ஆவண அறைக்குத் தர்மிளா பொறுப்பு. மூன்று வருடமாகத் தற்காலிகம். நிரந்தர நியமனக் கடிதம் தயாராக அவர் மேசையில் கிடந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

கதை தொடங்கியது இந்தத் தோட்டத்துக் கலியாண வீடொன்றில். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்த இரகுநாதன், மூடிக்கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையின் சுவரோரம் ரோதமுனியைக் கண்டார். ரோதை என்னும் இயந்திரச் சக்கரங்களுக்குக் காவலாகத் தோட்டத்துச் சனம் கும்பிடும் சாமி. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தகடு. நடுவில் முறுக்கி, நுனியில் வளைந்து, மஞ்சளும் குங்குமமும் பூசி மண்ணில் நட்டிருந்தது. மற்றவர்களாயிருந்தால் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "இது ஒரு விமானத்தின்ர காற்றாடி" என்றார். வரலாறு அந்த இடத்திலேயே பிறந்துவிட்டது.

பிறந்த பிள்ளைக்கு ஒரு தகப்பன் வேண்டுமே. பழைய வெள்ளைத் துரைமார் கழகப் படமொன்றில் அவனும் அகப்பட்டான். வில்ஃப்ரட் ஹார்னி, இந்தத் தோட்டத்தின் சின்னத்துரை, அதாவது உதவி மனேஜர். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டப் பழகக் கனடாவுக்குப் போனவன். இரகுநாதன் அவனைக் கனடிய வான்படை வீரனாக்கி, இலங்கைக்குத் திருப்பி அழைத்து, பூனாகலை மலையில் மோதவிட்டு, அழகாகச் சாகடித்தார். எல்லாம் ஒரே பத்திரிகைக் கட்டுரையில். நாளைக் காலை பதுளை மண்டபத்தில் விழா. கனடாவிலிருந்து ஒரு பிரமுகர் வருகிறார். டொரன்டோவிலுள்ள தன் மருமகன், கனடாவுக்கு வரும்படி பதில் அழைப்புக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தபடியால், தலைவர் குளிருக்குக் கம்பளிக் கோட்டும் தைத்துவிட்டார். மேடையில் வைக்கக் காற்றாடி ஒன்றுதான் குறை. அதைப் பிடுங்கத்தான் இந்த லொறி.

தர்மிளா வழக்கப்படி, ஹார்னி பழகிய பயிற்சிப் பள்ளி இருந்த சிற்றூரின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்டிருந்தாள். பனிப் பிரதேசத்துச் சின்ன ஊர். ஆனால் பழகவந்த ஒவ்வொரு பொடியனுக்கும் கோப்பு வைத்திருந்தார்கள். பதில் மெயிலில் வந்தது. கைப்பைக்குள் இருந்த தாள் அதன் பிரதிதான். ஹார்னி மூன்று தடவை ஓடுபாதையை விட்டுவிட்டுக் கோதுமை வயலில் இறங்கியிருக்கிறான். "நல்ல பையன். தரை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் தகராறு" என்று ஆசிரியர் எழுதியிருந்தார். பிறகு களஞ்சியத்தில் போர்வை எண்ணவிட்டார்கள். போர் முடிய அங்கேயே கலியாணம் கட்டி, சப்பாத்துக் கடை போட்டு, கிழவனாகிச் செத்தான். இலங்கைப் பக்கம் அவன் திரும்பிப் பார்க்கவேயில்லை.

இன்று காலை இதைக் காட்டியபோது தலைவர் தாளைக் கையால்கூடத் தொடவில்லை.

"பிள்ளை, இந்த மெயில் நாளைக்குப் பின்னேரம் வந்தது எண்டு வையுமன். திங்கக்கிழமை உம்மட கடிதத்தில கையெழுத்து வைக்கிறன்."

அவர் மிரட்டவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். அதுதான் தர்மிளாவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

தொழிற்சாலை வாசலில் சனம் கூடியிருந்தது. கொழுந்துக் கூடையை இறக்காமலே நின்ற பெண்கள், பாதி வேலையில் வந்த ஆண்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருக்கலாம். பூசாரி கந்தப்பன் தகட்டுக்கு முன்னால் சம்மணமிட்டு இருந்தார்.

"வாங்கய்யா. ரோதமுனியக் கொண்டு போகப் போறீங்கன்னாங்க."

"கொண்டு போறது இல்லை, பாதுகாக்கிறது. கண்ணாடிப் பெட்டியில வைப்பம்" என்றார் இரகுநாதன். "இது உங்களுக்கே பெருமை. இது வெறும் சாமி இல்லை. சர்வதேச வரலாறு."

கூட்டத்திலிருந்து பெரியாயி என்ற நடுவயதுக்காரி முன்னுக்கு வந்தாள். ஒரு பக்கக் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"போன மாசம் எட்டாம் நம்பர் மலையில குளவி கலைஞ்சு பதினோரு பேரக் கொட்டுச்சுங்க. பொழைச்சு வந்து இங்கதான் விழுந்தோம். நாளைக்கு நாங்க யாரக் கும்பிட்டுட்டு மல ஏறுறது? பெட்டியவா?"

"அம்மா, பூசைக்கு ஒரு பிரதி செய்து தருவம். அச்சு அசலா இருக்கும்."

"அப்ப அச்சு அசல நீங்க வச்சுக்கங்களேன்."

யாரோ சிரித்தார்கள். இரகுநாதனின் காது சிவந்தது. சட்டைப் பையிலிருந்து கழகத்தின் முத்திரையிட்ட கடிதத்தை எடுத்து, முகப்பில் இருந்த தம் பதவிகளிலிருந்தே வாசிக்கத் தொடங்கினார். அது முடிய வெகு நேரம் பிடித்தது. பிறகு லொறிக்காரர் பலீலைப் பார்த்துத் தலையசைத்தார். பலீல் மண்ணைக் கெல்லி நெம்பும் இரும்பு அலவாங்குடன் இறங்கினார். ஆண்கள் நாலைந்து பேர் தகட்டைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். ஒருவன் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருந்தது. வேலையிலிருந்து நேரே வந்தவன், வைக்க இடமில்லாமல் பிடித்திருந்தான். ஆனாலும் பலீல் அதைப் பார்த்தார், தர்மிளாவும் பார்த்தாள். இன்னும் ஓர் அடி வைத்தால் எங்கேபோய் முடியும் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

கந்தப்பன் கையை உயர்த்தினார்.

"டேய், விலகுங்கடா. ஐயா படிச்சவரு, பொய் சொல்ல மாட்டாரு. பிளேனுன்னா எடுத்துட்டுப் போகட்டும்." வெற்றிலை ஒன்றை எடுத்துத் தகட்டின் காலடியில் வைத்து, அதன் மேல் கட்டியாகச் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். "எங்க வழக்கம் ஒன்னு இருக்குங்க. முனி சொத்துல கைய வைக்கிறவங்க சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணணும். 'இது அந்தத் தொர ஓட்டி வந்து விழுந்த பிளேனோட எறக்கைதான்'னு சொல்லிட்டு உள்ளங்கையால ஒரு தட்டு. அம்புட்டுதான். நாங்களே தூக்கி லொறியில ஏத்தி விடுறோம்."

சுவாலை குத்தென நின்று எரிந்தது. இரகுநாதன் அதையே பார்த்தார். வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான சத்தியக் கடதாசிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிட்டவர். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர். ஒரு கட்டிச் சூடத்துக்கு முன்னால் அவருடைய கை வேட்டி மடிப்பைத் தேடிப் போனது.

"இதெல்லாம் மூடநம்பிக்கை."

"ஆமாங்க. அப்ப ஒன்னும் ஆகாது. அணைங்க."

"அதில்லை..." அவர் தொண்டையைச் செருமினார். திரும்பினார். "ஆவணங்களுக்குப் பொறுப்பு நானில்லை. தர்மிளா, நீர்தானே பொறுப்பு. வாரும். சொல்லும்."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் சூடத்துக்கு முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் இரகுநாதன் உதடு அசையாமல் மெல்லச் சொன்னார்: "திங்கக்கிழமை, பிள்ளை. யோசியும்."

அவள் யோசித்தாள். எந்தக் கட்சிக்காரரின் காலையும் பிடிக்காமல் மூன்று வருடம் காத்திருந்த கடிதம். ஒரு வசனம், ஒரு தட்டு. உள்ளதைத் திரித்து, "ஆவணங்களின்படி" என்று இழுத்தும் சொல்லலாம். கழகத்தில் அந்தக் கலையைத்தான் பழக்கியிருந்தார்கள். சூடம் பாதியாகக் கரைந்துவிட்டது. தானாக அணைந்தால் யாருக்கும் நட்டமில்லை என்று ஒரு நினைப்பு வந்தது. பெரியாயியின் வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள்.

வலக்கையை விரித்துச் சுவாலையின் மேல் அடித்தாள்.

"வில்ஃப்ரட் ஹார்னி விமானம் ஓட்டிப் பழகி முடிக்கேல்லை. இலங்கைக்குத் திரும்பி வரவுமில்லை. இந்த மலையில அவர் விழவுமில்லை. சத்தியம்."

சுட்டது. கையை எடுக்க அவளுக்கு மறந்துபோய்விட்டது. பெரியாயிதான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் திருநீற்றை அப்பினாள்.

பலீல் அலவாங்கை லொறிக்குள் எறிந்தார். "சேர், இனி நான் இதத் தொடமாட்டன். வாடகையும் வேணாம்."

"உனக்கென்ன, நீ முஸ்லிம் ஆள்தானே" என்றார் இரகுநாதன்.

"அதுக்காகப் பொய்க்குக் கூலி வாங்கச் சொல்லியா இரிக்கி?"

காற்று தேயிலைச் செடிகளின் மேல் அலையாகப் போனது. யாரும் வெற்றிக் கூச்சல் போடவில்லை. அது தலைவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். கூச்சலாயிருந்தால் பதிலுக்கு ஓர் உரையாவது ஆற்றியிருப்பார்.

"அப்ப இது என்ன?" கடைசியில் அவர் கந்தப்பனிடம் கேட்டார்.

"கொழுந்து வாட்டுற விசிறியோட எறக்கைன்னு சிலரு சொல்றாங்க. வேற மாதிரியும் சொல்றாங்க. எனக்கு முனிங்க."

இரகுநாதன் தர்மிளாவிடம் கையை நீட்டினார். "சாவி. திங்கக்கிழமை நீர் வரத் தேவையில்லை."

அவள் இடது கையால் கைப்பையைத் திறந்தாள். ஆவண அறைச் சாவிக்கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். அது கனமாக இருந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். எது கதவுக்கு, எது அலுமாரிக்கு என்று அவருக்குத் தெரியாது. தலைவராகி இத்தனை வருடத்தில் அந்த அறையை அவர் ஒரு நாளும் திறந்ததில்லை.

"இதில எது எது எண்டு..."

"எல்லாம் எழுதி அறைக்கு உள்ளுக்குத்தான் வச்சிருக்கு சேர்."

கார் வளைவில் மறையும்வரை கந்தப்பன் காத்திருந்தார். பிறகு புது வெற்றிலை வைத்து, இன்னொரு சூடம் கொளுத்தினார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணில் ஒற்றிக்கொண்டு கூடையோடு கொழுந்து நிறுவைக்குப் போனார்கள். பலீல் லொறியின் முன் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க மிஸ், பதுளைக்குத்தானே" என்றார். சுட்ட கையால் தர்மிளாவுக்குப் பிடித்து ஏற முடியவில்லை. பெரியாயி பின்னாலிருந்து தள்ளிவிட்டாள்.