கருவாயன் கடித்த கை

விமானத்தளத்தின் பெட்ரோல் கிடங்கைக் காத்த நாய்களிலேயே கருவாயன்தான் பொல்லாதது. அதைப் பிடித்துக்கொண்டு ரோந்து போகும் காவலனுக்கும், பெட்ரோல் லாரி ஓட்டும் அவன் மச்சானுக்கும் கல்யாணத்தன்றே முட்டிக்கொண்டது. "நாய் மேய்க்கிறவனுக்கா என் தங்கச்சி?" என்று சபையிலேயே கேட்டவன் மச்சான். போர் வந்து இருவரையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து போட்ட பிறகும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

ஒரு விடிகாலையில் கருவாயன் காவலனின் கையிலிருந்து வாரை உருவிக்கொண்டு கிடங்குக்குப் பின்னால் பாய்ந்தது. அலறல் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால், மச்சான் லாரிச் சக்கரத்தடியில் கிடக்கிறான். அவன் முன்கை நாயின் வாயில். பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய், கவிழ்ந்து கிடந்த தண்ணீர் வாளி.

"விடு!" என்றான் காவலன். விட்டது.

கட்டுப் போட்ட கையோடு மச்சான் தளபதியிடம் அழுதான். "வண்டி கழுவிக்கிட்டிருந்தேன் சார். சும்மா நின்னவன் மேல பாய்ஞ்சிருச்சு. இவன்தான் ஏவி விட்டிருப்பான்."

"சொந்த ஆளையே கடிக்கிற நாய் எனக்கு எதுக்கு?" என்றார் தளபதி. காவலனைப் பார்த்தார். "மத்தியானத்துக்குள்ள சுட்டுடு. நீயே சுடு."

நாய்க்கூண்டுக்குத் திரும்பினால் மனைவி நிற்கிறாள். அதே தளத்தில் விமானிகளுக்கான பாராசூட் மடிப்பது அவள் வேலை. போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தாள்.

"என்னங்க, அண்ணன் சொன்னதையே நீங்களும் சொல்லிடுங்க. விஷயம் இதோட முடியட்டும்."

"உங்கண்ணன் வண்டி கழுவல. இப்பதான் அந்தக் குழாயை மோந்து பாத்துட்டு வர்றேன், பெட்ரோல் நாத்தம். பெட்ரோலை உருவிட்டு, அந்த அளவுக்குத் தண்ணிய ஊத்திக்கிட்டிருந்தான்."

அவள் திடுக்கிடவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"பெட்ரோலை வெளிய எவன் விக்கல? போர்க்காலத்துல திருட்டுன்னா நிக்க வச்சுச் சுடுவாங்க. நாய் போனா இன்னொரு நாய் வரும். எனக்கு இன்னொரு அண்ணன் வருவானா?"

"அந்தத் தண்ணிய நம்பி மேல போறவன்?"

"அவன் எனக்கு யாரு?"

"அவனுக்குப் பாராசூட் மடிக்கிறவளே நீதான்டி!"

அவள் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஓடுபாதைப் பக்கம் ஓடினான். அந்த லாரியை வேறொருவன் ஓட்டி வந்து ஒரு விமானத்தின் இறக்கையடியில் நிறுத்தியிருந்தான். விமானி ஏணியில் கால் வைத்துவிட்டான்.

"பெட்ரோல்ல தண்ணி! நிறுத்துங்க!"

மெக்கானிக் சிரித்தான். "நாயைக் காப்பாத்தக் கதை விடுறியா?" சிரித்தபடியே லாரித் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பிடித்தான். மேலே பெட்ரோல் மெல்லிய ஏடாக நின்றது. கீழே ஜாடி முழுக்கத் தண்ணீர். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. விமானி ஏணியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தான்.

விமானம் கிளம்பும் முன் பிடிபட்டதால் மச்சானின் உயிர் தப்பியது. வெடிக்காமல் மண்ணில் புதைந்த எதிரியின் குண்டுகளைத் தோண்டியெடுக்கும் கைதிகளோடு அவனைச் சேர்த்தார்கள். கருவாயனையும் சுடாமல் விட்டுவிட்டார்கள்.

காவலனை யாரும் தட்டிக்கொடுக்கவில்லை. திருட்டுப் பெட்ரோலில் பாதித் தளத்துக்குப் பங்கிருந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். "மச்சானையே மாட்டிவிட்டவன், நம்மள விடுவானா?" என்று அவன் காதுபடவே பேசினார்கள். வீட்டில் மனைவி தனக்கு மட்டும் உலை வைத்தாள். அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை; குண்டு விழாத தெரு எது?

கைதிகளுக்குக் காவலாக அவனையே போட்டார் தளபதி. மச்சான் குழிக்குள்ளிருந்து நிமிரும்போதெல்லாம் முறைப்பான்.

"இது வெடிச்சா உனக்கு மனசு குளிரும், இல்ல மாப்ளே?"

"தோண்டு."

"போர் முடியட்டும். அப்புறம் இருக்கு உனக்கு."

"முடியட்டும். அதுவரைக்கும் தோண்டு."

ஒரு மத்தியானம் முள்வேலி வாசலில் மனைவி தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். கைதிக்கு வருவது எதுவானாலும் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடவேண்டும்.

"திற," என்றான் காவலன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"எல்லாத்தையும் கொட்டிக் காட்டவா, சார்?"

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவனைப் பார்த்து அவள் வாயில் வராத சொல் அந்த 'சார்'. குழியைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் கரண்டியைச் சோற்றுக்குள் விட்டுத் துழாவினான். அடிவரைக்கும் துழாவினான். சோறுதான் இருந்தது. கருவாயன் அவளை அடையாளம் கண்டு வாலை ஆட்டிக்கொண்டு கிட்டே போனது.

"நாயைப் பிடிங்க, சார்," என்றாள்.

அவன் வாரை இழுத்துப் பிடித்தான். அவள் மூடியை அழுத்தி மூடிக்கொண்டு, அண்ணன் நின்ற குழியை நோக்கி நடந்தாள்.